பியர் ஆலையில் ஒரு கொலை: மலையகத்திலிருந்து முதல் துப்பறியும் நாவல் எழுதி அச்சிடுவோருக்கு

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு ஆசை வந்தது. ரத்தம் தெறிக்காத, குடும்பத்தில் எல்லோரும் வாசிக்கக்கூடிய ஒரு கொலைக் கதை எழுத வேண்டும். மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைச் சின்ன பியர் ஆலையாக மாற்றுகிறார்கள். திறப்பு விழாவுக்கு முதல் நாள் கணக்காளர் நொதிக்கும் அறையில் செத்துக் கிடக்கிறார். துப்புத் துலக்குவது பொலிஸ் இல்லை. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த ராக்கம்மா என்ற பென்ஷன்காரி.

எழுதி முடிக்க எட்டு மாதம். அதைப் புத்தகமாக்கி ஒழுங்காகக் கடையில் வைக்க இன்னும் பதினான்கு மாதம். இந்தப் பதினான்கில் பாதியாவது நான் வரிசை மாற்றிச் செய்ததால் போனது. நீங்கள் அதே வளைவில் அதே பள்ளத்தில் சறுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் மதுவரிச் சட்டம், பிறகு கதை

பியர் பற்றி எழுதுவதென்றால் வீட்டுக் குசினியில் ஒரு வாளியில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வெளிநாட்டில் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். "நாவலுக்காக" என்று சொன்னால் மதுவரி உத்தியோகத்தர் சிரிப்பார், ஆனால் வாளியைக் கொண்டுபோய்விடுவார்.

கதைக்குள்ளும் இந்தச் சட்டங்கள் வேலை செய்ய வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்க முடியாது. விளம்பரமும் செய்ய முடியாது. என் முதல் வரைவில் ஆலைக்காரர் ஹட்டன் நகரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார், போயா என்னும் பௌர்ணமி விடுமுறை அன்று திறப்பு விழா வைத்திருந்தார். இரண்டுமே இந்த நாட்டில் நடக்காது. போயாவில் மதுக்கடை மூடியிருக்கும் என்பது தோட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கு எழுதும்போது தெரியவில்லை. பிறகு அந்த மூடிய நாளையே கதையின் மையமாக்கினேன்: ஆலையில் யாரும் இல்லாத ஒரே நாள்.

பெண் பாத்திரம் பியர் வாங்கும் காட்சி வைக்கிறீர்களா? பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாதென்ற பழைய விதியை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாட்களிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று தீர்மானித்த பிறகு அந்தக் காட்சியை எழுதுங்கள்.

ஒரு சொல் பற்றி: பியர் ஆலையை "வடிசாலை" என்று எழுதாதீர்கள். வடிப்பது சாராயம். பியரை யாரும் வடிப்பதில்லை, நொதிக்க விடுகிறார்கள். மூன்று பேர் எனக்குக் கடிதம் எழுதினார்கள்.

2. ஆலையைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியவை

ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பாருங்கள். நேரில் போய் வாசலில் நின்றால் காவலாளியோடு பேச்சு முடிந்துவிடும். நான் கொண்டுபோனவை: பாடசாலை அதிபர் கையொப்பமிட்ட அறிமுகக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, என்ன பார்க்க வேண்டும், எத்தனை மணிநேரம் என்று ஒரு பக்கக் கடிதம், நாவலின் சுருக்கம் அரைப் பக்கம். சுருக்கத்தில் "கொலை" என்ற சொல்லை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நான் மறைத்து எழுதி, உள்ளே போன பிறகு "இந்தத் தாங்கிக்குள்ள ஒரு ஆள் விழுந்தா எவ்வளவு நேரம் தாங்குவாரு?" என்று கேட்டதும் அந்தப் பொறியியலாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

பதில் வர மூன்று கிழமை வையுங்கள். மூடிய சப்பாத்துப் போடுங்கள், சேலை வேண்டாம். படம் எடுக்க விடமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு குறிப்புக் கொப்பி கொண்டுபோங்கள்.

பார்க்க வேண்டியது நான்கே இடம். பார்லி மால்ட்டை, அதாவது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லியை, 65 பாகை செல்சியஸ் அளவில் சுடுநீரில் ஊறவைத்து இனிப்பை இறக்கும் தொட்டி, கசப்புத் தரும் ஹொப்ஸ் பூ போட்டுக் கொதிக்க வைக்கும் அண்டா, ஆறவைத்து ஈஸ்ட் விடும் நொதித் தாங்கிகள், பிறகு குளிரறை. மலையகத்துக்கென்று ஒரு விசயம் இதில் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். நான் 100 என்று எழுதியிருந்தேன். எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் தந்தார்.

3. கொலையைக் கணக்குப் போட்டுச் செய்யுங்கள்

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் இந்த வகைக் கதையில் ரத்தம் இல்லை, துரத்தல் இல்லை, வாசகரைப் பிடித்துவைப்பது கணக்கு மட்டும்தான்.

நஞ்சு தேடி அலைய வேண்டாம். பியர் ஆலை தன் ஆயுதத்தைத் தானே செய்கிறது. ஈஸ்ட் இனிப்பைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் விடுகிறது. சாதாரணமாக ஐந்து வீத பியர் ஒரு லீற்றர் நொதித்து முடியும்போது இருபது லீற்றர் அளவு வாயு வெளியாகும். ஆயிரம் லீற்றர் தாங்கி என்றால் இருபது கன மீற்றர். ஐந்து மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரமான அறையின் கொள்ளளவு அறுபது கன மீற்றர். காற்றில் பத்து வீதம் காபனீரொட்சைட்டு சேர்ந்தாலே ஆள் சில நிமிடத்தில் நினைவிழப்பார். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், தாழ்வான இடத்தில் தேங்கும். நொதிப்பது ஒரே இரவில் முடிவதில்லை, ஒரு கிழமையாவது எடுக்கும். ஆகவே கொலையாளி செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ஆலையில் யாரும் வராத நேரம் பார்த்து வாயு வெளியேறும் வழியையும் காற்றாடியையும் நிறுத்துவது. ஆலைகளில் இது நிஜமான ஆபத்து, அதனால்தான் வாயு அளவு காட்டும் கருவி வைக்கிறார்கள். அந்தக் கருவிக்கு என்ன ஆனது என்று உங்கள் கதை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆலையில் வேலை செய்த ஒரே ஒரு வாசகர் போதும், கதை விழுந்துவிடும்.

இதில் புதிதாக எழுதுபவர் விழும் குழி: "மருத்துவப் பரிசோதனையில் காபனீரொட்சைட்டு என்று தெரியவந்தது" என்று ஒரு வரியில் முடிப்பது. இந்த வாயு உடலில் தனியாகச் சொல்லும்படி தடயம் அதிகம் விடுவதில்லை. மூச்சுத் திணறல் என்பது வரைதான் வைத்தியர் உறுதியாகச் சொல்வார். மிச்சத்தை அறைதான் சொல்ல வேண்டும். இது உங்களுக்குக் கிடைத்த வரம். பொலிஸ் விபத்து என்று கோப்பை மூடப் பார்க்கும் இடத்தில்தானே ராக்கம்மாக்களுக்கு வேலை.

துப்புக்கும் ஆலைக்குள்ளேயே இடம் இருக்கிறது. நொதிக்கும்போது தினமும் திரவத்தின் அடர்த்தியை அளந்து பதிவேட்டில் எழுதுவார்கள். இனிப்புக் குறையக் குறைய இந்த எண் இறங்கும். 1.048இல் தொடங்கி 1.010இல் முடிந்தால் ஏறக்குறைய ஐந்து வீத பியர். என் கதையில் கொலையாளி தான் அந்த இரவு அங்கே இல்லை என்று காட்ட இரண்டு நாள் எண்களை முன்கூட்டியே எழுதிவைக்கிறான். ஆனால் அந்த இரண்டு நாளும் கரண்ட் இல்லை, தாங்கியைச் சூடாக வைத்திருக்கும் ஹீற்றர் வேலை செய்யவில்லை, வெளியே ஜனவரிப் பனி. குளிரில் ஈஸ்ட் சோர்ந்துபோகும், எண் அவ்வளவு வேகமாக இறங்காது. கொழுந்து நிறுவையில் முப்பது வருடம் பொய் எண் எழுதியவர்களைப் பார்த்த ராக்கம்மாவுக்குப் பதிவேட்டைப் புரட்டும்போது இரசாயனம் தெரிய வேண்டியதில்லை. "ரெண்டு நாளும் ஒரே பேனை, ஒரே சாய்வு. ஒரே உக்காரல எழுதினது" என்கிறாள்.

உங்கள் துப்பறிபவரை இப்படித் தெரிவு செய்யுங்கள். ஊரில் யாருக்கு எல்லா வீட்டுக் கதையும் தெரியும்? தபால்காரர், மருத்துவிச்சி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் பிள்ளைக் காம்பிரா ஆயா. இவர்களில் ஒருவர்.

4. சென்னைப் பொலிஸை மலையேற்றாதீர்கள்

நாம் வாசித்து வளர்ந்த துப்பறியும் கதைகள் அநேகம் தமிழகத்துக் கதைகள். அதனால் பேனையைத் திறந்தால் எஃப்.ஐ.ஆரும் 302ஆம் பிரிவும் தானாக வந்து உட்காரும். இலங்கையில் கொலைக்குத் தண்டனை சொல்வது தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு. பொலிஸ் நிலையத்தில் போடுவது முறைப்பாடு. நீதவானுக்குப் போவது பி அறிக்கை. நிலையத்தை நடத்துபவர் பொறுப்பதிகாரி, எல்லோர் வாயிலும் ஓ.ஐ.சி.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: திடீர் மரணம், பொலிசுக்குத் தகவல், திடீர் மரண விசாரணை அதிகாரி அல்லது நீதவான் வந்து உடலைப் பார்ப்பது, சட்ட வைத்திய அதிகாரியிடம் பிரேத பரிசோதனை, தேவையானால் மாதிரிகள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு. கைது செய்தால் 24 மணிநேரத்துக்குள் நீதவான் முன். இவை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கின்றன, தமிழிலும் வாசிக்கலாம். தீர்ப்பில் தூக்கு என்று வந்தாலும் 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கில் போடவில்லை. அதனால் கடைசி அத்தியாயத்தில் கயிறு வேண்டாம்.

ஒரு சட்டத்தரணியிடம் இந்த அத்தியாயங்களை மட்டும் கொடுத்து வாசிப்பியுங்கள். எனக்கு அவர் காசு வாங்கவில்லை, இரண்டு புத்தகம் கேட்டார்.

நம் ஊர்களுக்கேயான இன்னொன்று. சாட்சி தமிழில் சொல்வார், வாக்குமூலம் எழுதும் பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதுவார். என் கதையில் காவலாளி "ஐயா நல்லா அடிச்சிட்டுத்தான் போனாரு" என்கிறார். குடித்துவிட்டுப் போனார் என்று தோட்டத்தில் யாருக்கும் விளங்கும். வாக்குமூலத்தில் அது யாரையோ தாக்கிவிட்டுப் போனதாக ஏறிவிடுகிறது. ஒரு அப்பாவி பதினான்கு நாள் விளக்கமறியலில். இதைப் போல ஒன்று உங்கள் ஊரிலும் நடந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

5. தட்டச்சு: பாமினியா யூனிகோடா, முதல் நாளே கேளுங்கள்

நீங்கள் தொலைபேசியிலோ கணினியிலோ யூனிகோடில் அடித்திருப்பீர்கள். பழைய அச்சகம் பலவற்றில் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. மாற்றும்போது ஆங்கில எழுத்தெல்லாம் தமிழாகிவிடும். என் நாவலின் முக்கியமான திருப்பத்தில், கண்காணிப்புக் கமராவைக் குறிக்க ஆங்கிலத்தில் அடித்த சி.சி.ரி.வி என்ற நான்கு எழுத்து, பிழை பார்க்கத் தந்த அச்சுத் தாளில் "ஊஊவுஏ" என்று வந்தது. "ஊஊவுஏ பதிவில் அவன் முகம் தெரிந்தது" என்று வாசித்த என் தங்கை பேய்க் கதை என்று நினைத்துவிட்டாள்.

ஆகவே, ஆங்கில எழுத்தே இல்லாமல் எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். இல்லாவிட்டால் யூனிகோடிலேயே பக்கம் வடிவமைக்கும் ஒருவரைப் பிடியுங்கள். அவர் இன்டிசைன் பாவிப்பவர் என்றால் "வேர்ல்ட் ரெடி" தெரிவு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். போடாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். தாளில் அச்செடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து மூன்று கிழமை பிழை திருத்துங்கள். திரையில் பார்த்தது போதாது.

6. ஐ.எஸ்.பி.என் எண்: அச்சுக்கு முன்

ஒவ்வொரு நூலையும் தனித்து அடையாளம் காட்டும் சர்வதேச எண் இது. என் மிகப் பெரிய பிழை இதில்தான். அச்சகத்தில் கேட்டேன். "அது கடைசியா போடலாம் டீச்சர்" என்றார். கடைசியில் 500 பிரதியும் எண் இல்லாமலே கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. பிறகு எண் எடுத்து, ஒட்டும் தாளில் அடித்து, என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமை இருந்து ஒட்டினார்கள். பாதி சாய்ந்து.

இந்த எண்ணைக் கொடுப்பது கொழும்பு 7, சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. பதிப்பகம் இல்லாமல், எழுதியவரே வெளியிடுபவராகவும் விண்ணப்பிக்கலாம். இலங்கை நூல்களுக்கு 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் 13 இலக்க எண் வரும். நூலின் முதல் பக்கங்களில் போடும் நூலகப் பட்டியல் விபரத்தையும் அதே இடத்தில் கேட்டு எடுங்கள். நூலகங்கள் அதைப் பார்க்கின்றன.

கையில் வைத்திருக்க வேண்டியவை: நூலின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், தலைப்புப் பக்கம், உள்ளடக்கம், முன்னுரை ஆகியவற்றின் அச்செடுத்த பிரதி, பக்க எண்ணிக்கை, அளவு, விலை, அடையாள அட்டை, முகவரி. அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் புனைபெயரும் வேறென்றால் இரண்டையும் எழுதுங்கள். விலையும் பக்கமும் முடிவாகாமல் போய் நான் ஒரு நாளை வீணாக்கினேன். ஹட்டனிலிருந்து போகவர ஒரு முழு நாளும் அலுப்பும் சேர்த்துத்தான் கணக்கு. போகுமுன் தொலைபேசியில் கட்டணத்தையும் படிவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சு நாளுக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்தால் நிம்மதி.

மின்னூலும் போடுவதானால் அதற்கு வேறு எண். அதே புத்தகத்தை மாற்றமின்றி மீண்டும் அச்சடித்தால் புது எண் தேவையில்லை.

பதிப்புரிமையைப் "பதிவு செய்து தருகிறேன்" என்று காசு கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய கணமே உரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் நிற்கும்.

7. அச்சகம், அட்டை, காசு

மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேளுங்கள். தாள் எத்தனை ஜி.எஸ்.எம் (தாளின் எடை அளவு), அட்டை எத்தனை, தைப்பா பசையா, வடிவமைப்பு உள்ளேயா வெளியேயா, கொண்டுவந்து தரும் கூலி யாருடையது, இத்தனையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் "எல்லாம் சேத்துதான்" என்பது கடைசியில் சேராது. பக்கங்களை 16இன் மடங்காக வையுங்கள். 176 பக்கம் என்றால் 11 தாளில் சரியாக மடியும். 179 பக்கம் என்றால் வெறும் பக்கங்களுக்கும் காசு கட்டுவீர்கள். பாதிக்கு மேல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

அட்டையில் நிஜ பியர் போத்தல், நிஜப் பெயர்ச்சீட்டு, நிஜச் சின்னம் எதுவும் வேண்டாம். விளம்பரத் தடைச் சட்டமும் வர்த்தகச் சின்னமும் ஒன்றாக வந்து கதவைத் தட்டும். என் அட்டையில் ஒரு கொழுந்துக் கூடையும் அதற்குள் ஒரு கண்ணாடிக் குவளையும். உள்ளே வரும் தோட்டத்துக்கும் கற்பனைப் பெயர்தான். நம் தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும். இரண்டும் எங்கும் இல்லையா என்று பாருங்கள். கொலைகாரத் துரைக்கு அயல் தோட்டத்துத் துரையின் பெயர் விழுந்துவிட்டால் கதையை யாரும் கதையாக வாசிக்கமாட்டார்கள்.

எத்தனை பிரதி? ஒரு உதாரணக் கணக்கு. ஒரு பிரதியின் அடக்கம் 400 ரூபாய், விலை 750, கடைக்குக் கழிவு 35 வீதம் என்று வையுங்கள். 300 பிரதிக்குச் செலவு 1,20,000. சட்டப்படி அரசுக்குக் கொடுக்கும் பிரதி, விமர்சகர், சொந்தபந்தம் என்று 50 போய்விடும். மிச்சம் 250ஐயும் கடை விற்றுத் தந்தாலும் ஒன்றுக்கு 487.50 வீதம் வருவது 1,21,875. கையில் நிற்பது 1,875 ரூபாய். கொழும்புக்குப் போய்வந்த பஸ் காசும் தேநீரும் இதில் இல்லை. நேரடியாக நீங்களே விற்கும் ஒவ்வொரு பிரதியும்தான் இந்தக் கணக்கை நிமிர்த்தும். 300க்கு மேல் முதல் தடவை அடிக்காதீர்கள். என் அலுமாரிக்கு மேலே இன்னும் மூன்று பெட்டி இருக்கிறது, மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்ப்பது தனி வேலை.

8. அச்சான பிறகு

1885ஆம் ஆண்டின் அச்சகத்தார் வெளியீட்டாளர் கட்டளைச் சட்டப்படி ஐந்து பிரதிகள் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். கொடுக்க வேண்டியவர் அச்சகத்தார். ஆனால் "கொடுத்தாச்சா?" என்று நீங்கள் கேட்டு, ஒப்படைத்த பற்றுச்சீட்டின் பிரதியை வாங்கி வையுங்கள். அப்படிப் போகும் பிரதிகளில் ஒன்று பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சேரும். நூறு வருடம் கழித்தும் ராக்கம்மாவை யாராவது கண்டியில் தேடி எடுக்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கடைகளில் கொடுக்கும்போது எத்தனை பிரதி, எத்தனை வீதம், எந்த மாதம் கணக்குப் பார்ப்பது என்று இரண்டு பிரதியில் எழுதி முத்திரை வாங்குங்கள். நான் கொடுத்த ஒரு கடை இடம் மாறிப்போனது. என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

வெளியீட்டு விழாவின் திகதியில் கவனம். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வரும். அதற்கு அடுத்த ஞாயிறு வையுங்கள், மாதக் கடைசியில் வைத்தால் கைதட்டல்தான் மிஞ்சும். மே முதல் ஆகஸ்ட் வரை ஹட்டன் பக்கம் மழை, மண்சரிவு என்று பாதை எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி வரும். அங்கே யாராவது தமிழ்ப் பதிப்பாளரின் மேசையில் பத்துப் பிரதி வைக்க இடம் கேட்பதென்றால் ஜூலையிலேயே கேளுங்கள்.

விழாவுக்கு பியர் ஊற்றித் தரலாமே என்று நண்பர்கள் பகிடி விடுவார்கள். நகரசபை மண்டபத்தில் இஞ்சித் தேநீரும் வடையும் போதும். எங்கள் விழாவில் வடை முடிந்த பிறகு ராக்கம்மாவின் வயதுடைய ஒரு அம்மா கிட்ட வந்து, "அந்தப் பதிவேட்டை ஏன் அவன் கிழிச்சுப் போடல?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இரண்டாம் பதிப்பில் அதற்கு ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். உள்ளடக்கம் மாறினால் புது எண் எடுக்க வேண்டுமா என்று கேட்க மறுபடியும் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.